சீனியர் மிஸ்ஸிங்களுக்கு ஆன்லைன்ல பிரிசெப்டர் குர்சுஸ்: என்ன வைக்கிறது, எப்படி வைக்கிறது?

வார்டு_சிஸ்டர் (சுங்கை சிப்புட்)

வணக்கம் எல்லாருக்கும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில சிஸ்டரா இருக்கேன். அடுத்த செமஸ்டர்ல இருந்து டிப்ளோமா நர்சிங் பிள்ளைங்க எங்க வார்டுக்கு போஸ்டிங் வர்றாங்க, அதுக்குள்ள எங்க சீனியர் ஸ்டாஃப் நர்ஸ்ங்கள லோக்கல் பிரிசெப்டர் (எல்.பி., வார்டுல பிள்ளைங்க கூட நின்னு சொல்லிக் குடுக்கிறவங்க) வேலைக்கு தயார் பண்ணிடுங்கன்னு மேட்ரன் சொல்லிட்டாங்க. ஈப்போவுக்கு அனுப்பி குர்சுஸ் குடுக்கலாம்னா ரோஸ்டர் தாங்காது, ஒருத்தர எடுத்தா இன்னொருத்தர் டபுள் போடணும், அதனால ஆன்லைன்லயே முடிச்சிடுங்கன்னு உத்தரவு.

எங்க ஆளுங்கள வேலையில அடிச்சிக்க முடியாது. வார்டுக்குள்ள கால் வைக்கும்போதே எந்த கட்டில்ல யாருக்கு மூச்சு சரியில்லன்னு சொல்லிடுவாங்க. ஆனா பக்கத்துல ஒரு பிள்ளைய நிக்க வச்சா வாயே திறக்காது, "பாத்துக்க, இப்படித்தான்"னு கைய காட்டிட்டு அடுத்த கட்டிலுக்கு போயிடுவாங்க, இல்லன்னா "நீ போய் எல்லாருக்கும் பிபி எடு"ன்னு அனுப்பிடுவாங்க. கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல, அவங்களுக்கு அப்படித்தான் கத்துக் குடுத்தாங்க.

காலேஜ்ல இருந்து ஒரு ஸ்லைட் குடுத்திருக்காங்க. மென்டர்னா யாரு, அவர் கடமை என்ன, பெரியவங்க எப்படி கத்துக்குவாங்கன்னு தியரி, கடைசியில குவிஸ். எனக்கு தெரியும் லா, குவிஸ் ஆன்சர் அன்னைக்கு சாயந்தரமே வாட்ஸாப் குரூப்புல வந்துடும். ஜூம் வச்சா எல்லார் கேமராவும் ஆஃப், யாரோ ஒருத்தர் மியூட் போட மறந்து தாளிக்கிற சத்தம் மட்டும் கேக்கும். பாதி பேர் இன்னும் தோட்டத்துல இருந்துதான் வர்றாங்க, செம்பனைக்கு நடுவுல லைன் ஒரு கோடுதான் காட்டும்.

உங்க ஊர்ல இப்படி நடத்தியிருந்தா என்ன பண்ணீங்க? தியரி எவ்வளவு வேணும்? லைவ்ஆ ரெக்கார்டிங்ஆ? அப்புறம் சரியா செய்யாத பிள்ளைய என்ன பண்றதுன்னு எப்படி சொல்லிக் குடுக்கிறது, இதுதான் எனக்கு ரொம்ப தலவலி.

---

பழைய_டியூட்டர் (ஈப்போ)

சிஸ்டர், அந்த ஸ்லைட்ட மூடி வச்சிடுங்க. நான் ரிட்டையர் ஆகிட்டேன், தைரியமா சொல்லலாம்.

உங்க ஆளுங்களுக்கு நர்சிங் தெரியும், அதனால அத திரும்ப சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. தெரிஞ்சத வாயால சொல்ல வரல, அதுதான் குறை. இது சோம்பேறித்தனமும் கிடையாது, திமிரும் கிடையாது. 1984லயே பாட்ரீஷியா பென்னர்ங்கிற அமெரிக்க நர்சிங் பேராசிரியர் இத விளக்கிட்டாங்க, புதுசா வர்றவங்கள்ல இருந்து கைதேர்ந்தவங்க வரைக்கும் அஞ்சு படி பிரிச்சாங்க. முதல் படியில இருக்கிற பிள்ளைக்கு ரூல் வேணும், ஒண்ணு ரெண்டு மூணுன்னு. அஞ்சாவது படியில நிக்கிறவங்களுக்கு ரூல் எல்லாம் கரைஞ்சு போயிருக்கும், பாத்த உடனே தெரியும், ஏன்னு கேட்டா தெரியாது. பால்மரம் சீவுற பாட்டிகிட்ட எவ்வளவு ஆழம் கத்தி போகணும்னு கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க, ஆனா புதுசா வந்தவன் ஆழமா சீவி மரத்த காயப்படுத்திடுவான்.

அதனால ஆன்லைன்ல முதல் வேல என்னன்னா பேச வைக்கிறது. நான் குடுத்துட்டு இருந்த பயிற்சி ஒண்ணு சொல்றேன். இன்சுலின் பேனா எடுத்துக்கோங்க, தினமும் செய்றதுதானே. ஒரு தலகாணிய வயிறா வச்சுக்கிட்டு, ஊசி போடுற மாதிரி ஒவ்வொரு அசைவையும் சொல்லிக்கிட்டே ஒரு வாய்ஸ் நோட் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க. எல்லாரும் முதல் தடவ அரை நிமிஷத்துல முடிச்சிடுவாங்க. "டிஎக்ஸ்டி (ரத்தத்துல சக்கரை) பாத்தேன், டோஸ் பாத்தேன், போட்டேன்." அப்புறம் அந்த நோட்ட அவங்களையே கேக்கச் சொல்லி, விட்டுப் போனது என்னன்னு எழுதச் சொல்லுங்க. அங்கதான் வெளிய வரும். சாப்பாட்டு தட்டு வந்துடுச்சான்னு திரும்பிப் பாத்தாங்க இல்ல, அத சொல்லல. பிரிமிக்ஸ் (ரெண்டு வகை கலந்த) இன்சுலின கையில உருட்டி பால் மாதிரி கலங்குற வரைக்கும் கவுத்து நிமுத்துனாங்க, சொல்லல. ரெண்டு யூனிட் வெளிய தள்ளி ஊசி முனையில சொட்டு வருதான்னு பாத்தாங்க, சொல்லல. போடுறதுக்கு முன்னாடி ரெண்டு விரல வயித்து மேல ஓட்டி கட்டி மாதிரி தடிப்பு இருக்கான்னு தடவுனாங்க, ஒரே இடத்துல போட்டுப் போட்டு தடிச்சுப் போன இடத்துல குத்துனா இன்சுலின் சரியா ஏறாது. அந்த விரல் ஓட்டுறத பக்கத்துல நிக்கிற பிள்ளை பாத்திருக்கவே பாத்திருக்காது, பாத்தாலும் ஏதோ தொட்டாங்கன்னு நெனச்சுக்கும்.

ரெண்டாவது தடவ பதிவு பண்ணும்போது அதே வேல நாலு நிமிஷம் வரும். அந்த வித்தியாசத்த அவங்களே காதால கேட்டுட்டா போதும், தியரி தானா உள்ள போயிடும்.

அதுக்கு மேல பெய்டன் முறைன்னு ஒண்ணு இருக்கு, நாலு படி. பேசாம ஒரு தடவ சாதாரண வேகத்துல செஞ்சு காட்டு. அடுத்து ஒவ்வொண்ணா விளக்கி செய். மூணாவது, பிள்ளை சொல்லச் சொல்ல நீ செய். நாலாவதுதான் பிள்ளை தானே சொல்லி தானே செய்யணும். நம்ம வார்டுங்கள்ல முதல் படியில இருந்து நேரா நாலுக்கு தாவிடுறோம். மூணாவதுதான் உயிர், பிள்ளை தப்பா சொன்னா உங்க கை நின்னுடும், பேஷண்டுக்கு ஒண்ணும் ஆகாது. அத வீடியோ கால்ல ரெண்டு ரெண்டு பேரா பழகலாம், கேமரா ஆன் பண்ணித்தான் ஆகணும், வேற வழி இல்ல.

---

நைட்டூட்டி_தம்பி (பந்திங்)

டீச்சர் சொல்றது சரி, ஆனா லைவ் செஷன் பத்தி எனக்கு வேற கருத்து. நானும் ஆம்பள மிஸ்ஸிதான், இங்க எல்.பி. வேல பாக்குறேன், இதே மாதிரி ஒரு ஆன்லைன் குர்சுஸ் முடிச்சவன்.

எங்க குர்சுஸ்ல நல்லா இருந்தது சின்ன சின்ன வீடியோ, ஒவ்வொண்ணும் தே தாரிக் ஒண்ணு குடிக்கிற நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். ஃபோன்லயே டவுன்லோட் பண்ணி வச்சுக்கலாம், லைன் இல்லாட்டியும் பாக்கலாம். மோசமானது என்னன்னா மொத்தமும் ஆஃப் டேல செய்யச் சொன்னாங்க. நைட் முடிச்சு காலைல வீட்டுக்கு வந்து பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு லேப்டாப் முன்னாடி ஒக்காந்தா எந்த மனுஷனுக்கு மண்டையில ஏறும்? ஏதோ ஓட விட்டுட்டு தூங்குவாங்க, நெக்ஸ்ட் பட்டன் அழுத்த மட்டும் எந்திரிப்பாங்க. சிஸ்டர், மேட்ரன்கிட்ட பேசி குர்சுஸ் நேரத்த ரோஸ்டர்லயே எழுத வைங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பிஎம் ஷிஃப்ட் ஓவர்லாப்ல கெடச்சாக்கூட போதும். அதோட சிபிடி (தொடர் பயிற்சி) பாயிண்ட் வர்ற மாதிரி முன்கூட்டியே பதிவு பண்ணிடுங்க, ஏ.பி.சி. (வருஷா வருஷம் எடுக்கிற நர்சிங் லைசென்ஸ்) ரினியூ பண்ண எப்படியும் எல்லாருக்கும் பாயிண்ட் வேணும், அது ஒண்ணு இருந்தா பாதி முணுமுணுப்பு அடங்கிடும்.

விஷயத்துக்கு வர்றேன். எனக்கு இன்னிக்கு வரைக்கும் கைகொடுக்கிறது ஒரு நிமிஷ முறை. 1992ல அமெரிக்காவுல குடும்ப டாக்டருங்களுக்கு பாடம் எடுக்கிறவங்களுக்காக எழுதுனது, நர்சிங்குக்கு அப்படியே பொருந்துது. பிள்ளை வந்து "அண்ணே, கட்டில் ஆறுல பிபி 90க்கு 50"ன்னு சொல்லுதுன்னு வைங்க. நம்ம பழக்கம் என்ன, உடனே எந்திரிச்சு ஓடிடுவோம், பிள்ளை பின்னாடி ஓடி வரும், ஒண்ணும் கத்துக்காது. இந்த முறையில நடந்துக்கிட்டே கேக்கணும். முதல்ல, "நீ என்னன்னு நெனக்கிற?" அது ஏதாவது ஒண்ணு சொல்லியே ஆகணும், தப்பா இருந்தாலும் பரவால்ல. அடுத்து, "எத வச்சு சொல்ற?" பல்ஸ் பாத்தியா, யூரின் எவ்வளவு போயிருக்கு, காலைல பிபி மாத்திரை குடுத்தாச்சா. அப்புறம் ஒரே ஒரு பொது விஷயம் சொல்லிக் குடுக்கணும், "பிபி மட்டும் தனியா பாக்காத, பல்ஸோட சேத்துப் பாரு." அதுக்கப்புறம் சரியா செஞ்சத பேர் சொல்லி சொல்லணும், "உடனே வந்து சொன்ன பாரு, அதுதான் சரி." கடைசியில எத திருத்தணுமோ அது. அஞ்சும் சேந்து கட்டில் ஆறுக்கு போய் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா ஒண்ணு, பேஷண்ட் சாஞ்சு கெடந்தா கேள்வியெல்லாம் அப்புறம், முதல்ல ஓடு.

இத பழக லைவ் ஜூம் தேவையே இல்ல. நீங்க ஒரு பிள்ளை மாதிரி வாய்ஸ் நோட் அனுப்புங்க, அவங்க பதில் வாய்ஸ் நோட் அனுப்பட்டும். தோட்டத்துல ஒரு கோடு லைன் இருந்தாலும் அது போகும். டீச்சரோட மூணாவது படிக்கு மட்டும் கேமரா வேணும்னா, அத ஆஸ்பத்திரி வைஃபைல ஷிஃப்ட் முடிஞ்சதும் வச்சுக்கலாம்.

---

ரெண்டாம்_வருஷம்

நான் ஸ்டூடண்ட், இங்க பேசலாமான்னு தெரியல. அக்கா அண்ணன்லாம் கோச்சுக்காதீங்க.

எங்களுக்கு பெரிய தியரி எல்லாம் வேணாம் கா. பேர் சொல்லி கூப்பிட்டா போதும். சில வார்டுல போஸ்டிங் முடியிற வரைக்கும் "ஏய் ஸ்டூடண்ட்"தான். அப்புறம் லாக் புக். முதல் வாரம் கேட்டா "அப்புறம் பாக்கலாம்", ரெண்டாவது வாரம் கேட்டா "பிஸி", கடைசி நாள் அன்னைக்கு ஒரே மூச்சுல எல்லா ப்ரொசீஜருக்கும் சைன். டிரெஸ்ஸிங் நான் செஞ்சத அவங்க பாக்கவே இல்ல, ஆனா திறமை உண்டுன்னு சைன் இருக்கு. சந்தோஷமா இருக்கும்தான், ஆனா அடுத்த வார்டுல தனியா டிராலி தள்ளிக்கிட்டு போகும்போது கை நடுங்கும்.

ஒரு அக்கா மட்டும் நல்லா சொல்லிக் குடுப்பாங்க. பாசிங் ரிப்போர்ட்டுக்கு (அடுத்த ஷிஃப்ட்டுக்கு பேஷண்ட் விவரம் சொல்றது) முன்னாடி பேண்ட்ரில நிக்க வச்சு, "என்கிட்ட முதல்ல பாஸ் பண்ணு, நான் அடுத்த ஷிஃப்ட் மிஸ்ஸி"ம்பாங்க. உளறுவேன். இன்னொரு தடவ சொல்லச் சொல்வாங்க. அப்புறம்தான் எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு பேஷண்ட பாஸ் பண்ண விடுவாங்க, மிச்சத்த அவங்க பண்ணுவாங்க. அடுத்த வாரம் ரெண்டு பேஷண்ட்.

இன்னொண்ணு. எங்க பேட்ச்ல கிளந்தான்ல இருந்து வந்த பிள்ளைங்க நெறைய. தோட்டத்து பாட்டிங்க தமிழ் மட்டும்தான் பேசுவாங்க, மிஸ்ஸியும் பாட்டியும் தமிழ்ல பேசி சிரிப்பாங்க, நடுவுல அந்த பிள்ளை முழிச்சிக்கிட்டு நிக்கும். என்ன பேசுனாங்கன்னு மலாய்ல ஒரு வரி சொன்னா அதுவும் கத்துக்கும். வலி எங்கன்னு கேக்குற தமிழ் வார்த்த நாலு சொல்லிக் குடுத்தா இன்னும் நல்லது.

---

வேப்பமரத்தடி (தாப்பா)

எல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். நான் பழைய காலத்து ஆளு, எங்க அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் (மருத்துவ உதவியாளர்). நர்சிங்க ஆன்லைன்ல கத்துக் குடுக்கிறதே வேடிக்க, இப்ப கத்துக் குடுக்கிறது எப்படின்னு கத்துக் குடுக்கிறதும் ஆன்லைன்லயா? எங்க காலத்துல டியூட்டர் பக்கத்துலயே நிப்பாங்க, பெட் மூலை சரியா மடிக்கலன்னா முழுசா பிரிச்சுப் போட்டு திரும்ப செய்ன்னுவாங்க. திட்டு வாங்காதவன் எவன் தேறுனான்?

---

பழைய_டியூட்டர் (ஈப்போ)

@வேப்பமரத்தடி ஐயா, பெட்ட பிரிச்சுப் போட்ட டியூட்டர்ங்கள்ல நானும் ஒருத்திதான். பெட் மடிக்க கத்துக்கிட்டாங்க, உண்மை. கூடவே இன்னொண்ணும் கத்துக்கிட்டாங்க, தெரியாதத கேக்கக் கூடாதுன்னு. மருந்து டோஸ்ல சந்தேகம் வந்தாலும் வாய மூடிக்கிட்டு குடுக்கிற பிள்ளைய விட ஆபத்து வார்டுல வேற கிடையாது.

ஆன்லைன் மட்டும் போதுமான்னு கேட்டா, போதாது. பேசிப் பழகுற பாதி ஆன்லைன்ல, பிள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு செய்ற பாதி வார்டுல. முதல் வாரம் சிஸ்டர் கொஞ்சம் தள்ளி நின்னு ஒவ்வொரு எல்.பி.யும் சொல்லிக் குடுக்கிறத ஒரு தடவையாவது பாத்துட்டு ரெண்டு வார்த்த சொல்லணும், அது இல்லாம சர்ட்டிஃபிகேட் குடுக்காதீங்க.

---

லீட்ஸ்ல_ஒரு_மிஸ்ஸி

சிஸ்டரோட தலவலி கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லல, நான் சொல்றேன். நான் சித்தியவான்ல பொறந்து வளந்தவ, இப்ப இங்கிலாந்துல வேல.

சரியா செய்யாத பிள்ளைய பாஸ் போட்டு விடுறது உலகம் பூரா இருக்கு சிஸ்டர், நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. 2003ல ஸ்காட்லாந்துல கேத்லீன் டஃபி இத பத்தி ஒரு ஆய்வு பண்ணாங்க, ஃபெயில் போட வேண்டிய எடத்துல மென்டர்ங்க ஏன் போடலன்னு. சந்தேகத்தோட பலன பிள்ளைக்கே குடுத்துடுறாங்க, குறைய ரொம்ப லேட்டா எழுப்புறாங்க, எழுத்துல ஒண்ணும் வைக்கல, கடைசி வாரத்துல திடீர்னு சொன்னா அப்பீல்ல நிக்காதுன்னு விட்டுடுறாங்க. நம்ம ஆளுங்களுக்கு இதுக்கு மேல "பாவம் லா, பி.டி.பி.டி.என். லோன் வாங்கி படிக்குது"ங்கிறதும் சேந்துக்கும்.

இங்க முன்னாடி மென்டரே எல்லாத்தையும் பாக்கணும். பயிற்சி குறைஞ்சது 10 நாள், அதுல 5 நாள் வேலைல இருந்து விடுவிச்சு குடுக்கணும்னு ரூல். ஸ்டூடண்ட் வார்டுல இருக்கிற நேரத்துல 40 சதவீதமாவது மென்டர் கண்காணிப்புல இருக்கணும். 2018ல இங்க நர்ஸ்ங்களுக்கு ரூல் போடுற நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் அத மாத்திடுச்சு. இப்ப கூட நின்னு சொல்லிக் குடுக்கிறவர் ஒருத்தர், மதிப்பீடு போடுறவர் வேற ஒருத்தர், ஒரே பிள்ளைக்கு ஒரே ஆள் ரெண்டும் செய்யக் கூடாது. எனக்கு இது பிடிச்சிருக்கு. அக்கா மாதிரி பழகிட்டு கடைசியில நீயே ஃபெயில் போடுன்னா யாருக்கு மனசு வரும்? உங்க மலேசிய ரூல்படி யாரு சைன் பண்ணணும்னு காலேஜ்கிட்ட கேட்டுக்குங்க, ஆனா அதுக்குள்ளயே சின்னதா பிரிக்கலாம். தினமும் கூட இருக்கிறவங்க குறிப்பு மட்டும் எழுதட்டும், லாக் புக்ல சைன நீங்களோ காலேஜ் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரோ பிள்ளை செய்றத நேர்ல பாத்துட்டு போடுங்க.

ஆன்லைன்ல இத எப்படி பழக்கறதுன்னா, குறிப்பு எழுதுற பயிற்சி குடுங்க. "அட்டிட்யூட் சரியில்ல"ன்னு எழுதுனா எத திருத்துறதுன்னு அந்த பிள்ளைக்கே தெரியாது, யாருக்கும் உதவாது. "செவ்வாய் காலை, கட்டில் 4, டிரெஸ்ஸிங், ஸ்டெரைல் கிளவுஸ் போட்ட பிறகு திரையை கையால இழுத்தார், சொன்னதும் கிளவுஸ் மாத்தினார்" - இப்படி எழுதணும். கண்ணால பாத்தது மட்டும். அதே தப்பு திரும்ப வந்தா பாதி போஸ்டிங்லயே பிள்ளைய ஒக்கார வச்சு பேசணும், காலேஜுக்கும் சொல்லணும், கடைசி வாரத்துக்கு தள்ளக் கூடாது. நாலு கத எழுதிக் குடுங்க, நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை, வேகமா செஞ்சு விட்டுட்டுப் போற பிள்ளை, கையே கழுவாத பிள்ளை. ஒவ்வொண்ணுக்கும் என்ன சொல்லுவீங்கன்னு பதிவு பண்ணி அனுப்பச் சொல்லுங்க.

---

வார்டு_சிஸ்டர் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு நைட் ஷிஃப்ட் பூரா இத படிச்சு குறிப்பு எடுத்தேன்.

இப்ப என் கணக்கு இப்படி இருக்கு. ஸ்லைட்ட தூக்கி எறிய முடியாது, காலேஜ் கோச்சுக்கும், ரெண்டு சின்ன வீடியோவா சுருக்கிடுறேன். முதல்ல இன்சுலின் வாய்ஸ் நோட், அடுத்து தம்பி சொன்ன ஒரு நிமிஷ முறை, அப்புறம் குறிப்பு எழுதுறது. ஃபெயில் பத்தின பேச்சு மட்டும் லைவ், அத வாய்ஸ் நோட்ல வச்சா யாரும் மனசுல உள்ளத சொல்ல மாட்டாங்க. அந்த ஸ்டூடண்ட் தங்கச்சி சொன்ன பேண்ட்ரி பாசிங் ரிப்போர்ட்ட அப்படியே எடுத்துக்கிறேன்.

மேட்ரன்கிட்ட ரோஸ்டர்ல நேரம் கேட்டேன். "பாப்போம்"னாங்க. அந்த "பாப்போம்" எனக்கு நல்லாவே தெரியும், அதனால எழுத்துல கேட்டு அனுப்பியிருக்கேன்.

ஒரு சந்தேகம் டீச்சர். வாய்ஸ் நோட்ட வார்டுல நிஜமா ஊசி போடும்போதே பதிவு பண்ணா இன்னும் இயல்பா வருமேன்னு ஒரு ஸ்டாஃப் கேக்குறாங்க, ஓகேவா?

---

பழைய_டியூட்டர் (ஈப்போ)

வேணாம் சிஸ்டர். ஊசி போடும்போது கவனம் ஃபோன்ல இருக்கக் கூடாது, அது ஒண்ணு. பேஷண்ட் பேரு, கட்டில் நம்பர், பக்கத்து கட்டில் பாட்டி இருமுறது எல்லாம் பதிவாகி வாட்ஸாப்ல சுத்தும், அது ரெண்டு. பேண்ட்ரில இல்ல ட்ரீட்மென்ட் ரூம்ல, தலகாணி, காலாவதியான பேனா, ஊசி இல்லாம. முடிஞ்சதும் நோட்டுங்கள நீங்க கேட்டுட்டு அழிச்சிடுவீங்கன்னு முதல் நாளே குரூப்புல எழுதிப் போட்டுடுங்க. யாராவது சரியா வரலன்னு வெக்கப்பட்டா குரூப்புல போட வேணாம், உங்களுக்கு தனியா அனுப்பச் சொல்லுங்க. உங்க வாய்ஸ் நோட்ட மட்டும் எல்லாரும் கேக்குற மாதிரி முதல்ல போடுங்க, அரை நிமிஷத்துல முடிச்சதையே போடுங்க.